முல்லை வேருக்கு விலகி வெட்டிய பங்கர்

வெங்காயத்துக்குத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிக்கொண்டு நின்றேன். மகள் வரம்பால் ஓடி வந்தாள். ஓடி வருகிறவளைக் கண்டதும் நான் பார்த்தது அவள் முகத்தை அல்ல, வானத்தை. இத்தனை வருடப் பழக்கம் அது. வானத்தில் ஒன்றுமில்லை. சமாதானம் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டு திரிந்த மாதங்கள் அவை.

“அப்பா, மாமி செத்துப்போட்டா.”

“எங்கை விழுந்தது?” என்று கேட்டேன்.

“ஒண்டும் விழேல்லை அப்பா. அடுப்படியிலை தேங்காய் துருவிக்கொண்டு நிண்டவ, நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே இருந்திட்டாவாம்.”

“இருந்தவவோ?”

குண்டு விழவில்லை என்பதைக்கூட நம்பிவிட்டேன். ஓரிடத்தில் உட்காராத நாகம்மா மச்சாள் இருந்தாள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. மண்வெட்டியைப் பாத்தியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர் தன் பாட்டில் ஒரே பாத்திக்குள் பாய்ந்து வரம்பை உடைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

செத்தவர் நினைவாக முப்பத்தோராம் நாள் கொடுக்கிற இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தில் நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கோயிலடி ஆட்கள் கேட்டார்கள். கடதாசித் தட்டுப்பாட்டில் கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அடிக்கிறார்களாம். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். இதைப் படிக்கிற உங்களில் அரைவாசிப் பேர் நாகம்மாவிடம் பேச்சு வாங்கியவர்கள். மிச்சப் பேர் அவள் வீட்டு முல்லைப்பூ வாங்கியவர்கள். இரண்டும் வாங்கியவன் நான். அவள் என் தாய்மாமன் மகள். ஒரே வயது. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. நான் அவளை ‘அவர், இவர்’ என்று சொன்னால் எழும்பி வந்து சிரிப்பாள். ஆகவே அவள் என்றே சொல்கிறேன்.

அந்த முல்லைக் கொடி அவளுக்குக் கல்யாணம் முடிந்த வருடம் வந்தது. மானிப்பாயில் அவளுடைய பெரியம்மா வீட்டில் பதியம் வைத்து வேர் விட்ட முல்லை. ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். “உதுக்கும் டிக்கட் எடுக்கோணும் அக்கா” என்று கொண்டக்டர் பகிடி விட்டானாம். “மடியிலை இருக்கிற பிள்ளைக்கு ஆர் ராசா டிக்கட் எடுக்கிறது?” என்று கேட்டாளாம். பஸ் முழுக்கச் சிரித்தது என்று தானே வந்து சொன்னாள். பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் பகிடியை அவள் மறுபடி சொல்லி நான் கேட்டதுமில்லை.

எங்கள் பக்கம் முழுக்கச் செம்மண், தோண்டத் தோண்ட வரும் என்று வெளியூர் ஆட்கள் நினைப்பார்கள். தோட்டத்தில் சரி. வீட்டு வளவில் அலவாங்கைப் போட்டால் ஒரு முழத்திலேயே கல் ‘டங்’ என்று சொல்லும். நாகம்மாவின் வளவில் ஒரேயொரு இடம் ஆழம். வீட்டுக்கு அத்திவாரக் கல் கிளப்பிய பள்ளக் கிடங்கு, தெற்கு அறைக்கு வெளியே கிடந்தது. அதை நானும் அவள் புருஷன் கனகண்ணையும் செம்மண்ணும் பூவரசங் குழையும் போட்டு நிரப்பியிருந்தோம். அதில்தான் முல்லையை வைத்தாள். வேர் ஆழம் போனது. கொடி பந்தலில் ஏறி, பந்தலால் வேலியில் ஏறி, வேலியால் எங்கள் பக்கம் இறங்கியது.

முல்லையை அவள் கொஞ்சி வளர்க்கவில்லை. தை பிறந்து பனி விட்டதும் தண்ணீரை நிறுத்திவிடுவாள். இலை சுருண்டு தொங்கும். போகிற வருகிறவர்கள் “ஐயோ, கொடி சாகப்போகுது” என்பார்கள். அவள் கேட்கமாட்டாள். நன்றாக வாடிய பிறகு கத்தியை எடுத்துக் கொப்பெல்லாம் நறுக்கி, அடியைக் கொத்தி, ஆட்டெருவும் சாம்பலும் போட்டு, அதற்குப் பிறகுதான் வாளி வாளியாக ஊற்றுவாள். பங்குனியில் இலை தெரியாமல் மொட்டு நிற்கும். “எந்த நேரமும் தண்ணி காட்டினால் இலைதான் வரும் மச்சான். கொஞ்சம் தவிக்க விடோணும்” என்பாள். அவளும் அப்படித்தான். சோற்றைக்கூட நின்றபடி தின்பாள்; ஒரு கையில் கோப்பை, மறு கையால் கொடியில் புழுப் பிடுங்குவாள்.

பின்னேரத்தில் மொட்டு விரிய முன் பறித்து, வாழைநாரில் கட்டி, பிள்ளையாருக்கு மாலைப் பூசைக்குக் கொடுப்பது அவள் நேர்த்திக்கடன். எதற்காக வைத்த நேர்த்தி என்று எங்களுக்கு ஊகம்தான். அவள் சொல்லவில்லை. அந்தக் கொடியில் எங்கள் வீட்டுப் பக்கம் தொங்கிய கொப்பில்தான் மொட்டு அதிகம். அது ஏன் என்று ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். என் மனைவி மீன் கழுவிய தண்ணீரை அந்த வேலி ஓரத்தில் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

“பிள்ளையாருக்குப் போற கொடிக்கு மீன் தண்ணியோடி ஊத்துறாய்?”

“நான் என்ரை வளவுக்குள்ளை ஊத்துறன். உங்கடை வேரை இஞ்சாலை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

கொஞ்ச நாள் இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. பிறகு ஒரு பின்னேரம் வேலிக்கு மேலால் மச்சாளின் தலை தெரிந்தது.

“என்னடி, இந்தக் கிழமை முழுக்கச் சைவமோ? மொட்டுச் சின்னனாக் கிடக்கு.”

என் மனைவி சிரித்த சிரிப்பில் சட்டியைப் போட்டு உடைத்தாள்.

கனகண்ணை லொறி ஓடினவர். சொந்த லொறி. எங்கள் வெங்காயமும் புகையிலையும் அவருடைய லொறியில்தான் கொழும்புக்குப் போகும். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் லொறி அங்கேயே எரிந்துபோயிற்று. அவரை முகாமில் வைத்திருந்து, பிறகு கப்பலில் ஏற்றி, காங்கேசன்துறையில் கொண்டுவந்து இறக்கினார்கள். சாமான் ஏற்றுகிற கீழ்த்தட்டில் ஆட்களை அடைத்திருக்கிறார்கள். இருட்டு, வாந்தி, குழந்தைகளின் கத்தல். ஆரோ கொடுத்த காற்சட்டையோடு வந்து படலையைத் திறந்தவர், அதற்குப் பிறகு தன் அறைக் கதவைச் சாத்தி நான் காணவில்லை. மழைக்கும் சாத்தமாட்டார்.

அந்த நாட்களில் அவருக்கும் ஓரிடத்தில் நிற்க முடியாது. தூரத்தில் ஒரு லொறிச் சத்தம் கேட்டால் படலைக்குப் போவார், திரும்புவார், மறுபடி போவார். ஊரில் எல்லோரும் வந்து “மனசைத் தளரவிடாதேங்கோ” என்று சொல்லித் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். மச்சாள் ஒரு பின்னேரம் அவர் படலையால் திரும்பி வரும்போது வாழைநாரின் ஒரு நுனியைக் கையில் கொடுத்தாள்.

“உதைப் பிடியுங்கோ. இழுக்காமல் பிடியுங்கோ. பூசைக்கு நேரமாகுது.”

அவர் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மொட்டை இரண்டு இரண்டாக வைத்துக் கட்டிக்கொண்டே போனாள். அதுவரை காலமும் நாரைக் கால் பெருவிரலில் மாட்டித் தனியாகக் கட்டியவள் அவள். அடுத்த நாள் வேலியடியில் நான் கேட்டேன்.

“என்ன மச்சாள், கால்விரல் தேஞ்சுபோச்சோ?”

“உமக்கு எல்லாம் தெரியோணும்” என்றாள் முதலில். பிறகு குரலைத் தாழ்த்தி, “எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டால் அந்த மனுசனுக்கு அழுகைதான் வரும் மச்சான். வேலை சொன்னால் கை வரும்” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் பின்னேரம் கனகண்ணை நார் பிடித்தார். சில வருடம் கழித்துப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. கட்டிலோடு கிடந்தார். மச்சாள் பூத்தட்டத்தைக் கட்டிலடிக்குக் கொண்டுபோனாள். இடது கை இருந்தது. அது போதுமாக இருந்தது.

இடையில் ஆமிகள் வந்து போன கதைகளை நான் இங்கே சொல்ல வரவில்லை. தொண்ணூறில் பொம்பர் விமானம் வந்து குண்டு அடிக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பதுங்குகுழி, பங்கர் வெட்டினோம். எங்கள் வளவில் பின்பக்கம் கொஞ்சம் மண் இருந்தது, தப்பினோம். மச்சாளின் வளவில் எங்கே அலவாங்கைப் போட்டாலும் கல். கட்டிலில் கிடக்கிற மனிதரை வேலி கடந்து எங்கள் பங்கருக்குத் தூக்கி வருவதற்குள் பொம்பர் இரண்டு சுற்று வந்துவிடும். அவர் அறை வாசலோடு, படி இல்லாமல் சரிவாக இறங்குகிற பங்கர் வேண்டும். அதற்கு இடம் ஒன்றே ஒன்று. முல்லை நின்ற இடம்.

நான் அதைச் சொன்னபோது மச்சாள் கொடியடிக்குப் போய்ச் சருகைப் பொறுக்கினாள். பிறகு, “வெட்டும். நான் பக்கத்திலை நிப்பன்” என்றாள். நின்றாள்தான். ஒரு மனிதன் வேலை செய்ய முடியாது.

“அலவாங்கை அங்காலை போடும்.”

“அங்காலை கல் மச்சாள்.”

“இஞ்சாலை வேர்.”

“வேரை வெட்டினால் திரும்பத் தழைக்கும்.”

“உம்மடை காலை வெட்டினால் தழைக்குமோ?”

எனக்குக் கோபம் வந்தது. வானத்தைப் பார்த்து வேலை செய்கிற பயம் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். “பொம்பர்க்காரன் முல்லை நிக்குதெண்டு விட்டிட்டுப் போவானோ?” என்று கத்தினேன்.

“விடமாட்டான்” என்றாள். “அவன் விடமாட்டானெண்டு நாங்கள் முந்தி வெட்டி வைக்கோணுமோ?”

 மெல்லிய வேர்களை அவள் காட்டக் காட்ட வெட்டினேன். தாய்வேரைத் தொட விடவில்லை. குழி வாசலால் நேரே வந்து, தாய்வேரைக் கண்டதும் வளைந்து, மறு பக்கம் போனது. ஊர் வந்து பார்த்துச் சிரித்தது. பொம்பருக்குப் பயந்தவர்களைக் கண்டிருக்கிறோம், கொடிக்குப் பயந்து வளைந்த பங்கரை இப்போதுதான் காண்கிறோம் என்றார்கள். வளைவு இருந்தால் வெளியே வெடிக்கிற குண்டின் சன்னம் நேரே உள்ளே வராது, நல்லதுதான் என்று விஷயம் தெரிந்த ஒருவர் பிறகு சொன்னார். “எனக்கு உது தெரியாது” என்றாள் மச்சாள். பந்தல் மரத்தைக் கழற்றிப் பனங்குற்றியோடு சேர்த்து மேலே அடுக்கி, மண்மூடை வைத்து, மண் போட்டோம். பந்தல் இழந்த கொடியை அந்த மண்மேட்டிலேயே படுக்க விட்டாள்.

பங்கர் ஆயத்தம். கனகண்ணை ஆயத்தமில்லை.

“உதுக்குள்ளை நான் வரமாட்டன்” என்றார். “கப்பலுக்குள்ளை ஒருக்கா உயிரோடை புதைஞ்சு கிடந்திட்டன். இனி மாட்டன். செத்தாப்பிறகு எங்கை வேணுமெண்டாலும் போடுங்கோ.”

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த தரம் பொம்பர் வந்தபோது தூக்கப் போனேன். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடிக்க வந்தார். ஆம், கடிக்க. அவ்வளவு பெரிய மனிதர். மச்சாள் என்னைப் பிடித்து வெளியே தள்ளினாள். “நீர் போம். உம்மடை பிள்ளையளோடை போய் இரும்.” “நீர்?” “நான் இஞ்சை நிக்கிறன்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அப்படித்தான். நாங்கள் கீழே இருப்போம். அந்த வீட்டில் இரண்டு பேர் ஓட்டுக்குக் கீழே இருப்பார்கள். கீழே இருந்து சத்தத்தை எண்ணுகிறவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் பொறுமை என்று ஒன்று கிடையாது. என் மனைவி வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுவாள். எனக்குக் கால் துடிக்கும். வெளியே போகவும் முடியாது, இருக்கவும் முடியாது.

ஒருநாள் கோயிலுக்கு அப்பால் தோட்டத்தில் விழுந்தது. எங்கள் பங்கரின் மண் தலையில் கொட்டியது. சத்தம் ஓய்ந்ததும் வேலி இடைவெளிப் பொட்டால் ஓடினேன். முற்றமெல்லாம் ஓடு. அறைக்குள் அவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார். அவள் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடக்கிறாள், நடக்கிறாள். தலைமயிரெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

“இரண்டு பேரும் சாகப்போறியளோ?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“எனக்குத் தெரியாதே மச்சான்? கெஞ்சிப் பாத்தன். ஏசிப் பாத்தன். அந்த மனுசனுக்குச் சாவிலை பயமில்லை. குழியிலைதான் பயம். நான் விட்டிட்டு இறங்கினனெண்டால் பிறகு ஆரெண்டு அதுக்குள்ளை இருப்பன்?”

கனகண்ணை கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு கிடந்தார் என்பது கட்டில் சட்டத்தை இறுக்கிய அவர் கையில் தெரிந்தது.

சில நாட்களின் பின், ஒரு பின்னேரம். மொட்டுப் பறித்துத் தட்டம் நிறைய வைத்திருந்தாள். ஒழுங்கையில் “பொம்பர்! பொம்பர்!” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் எங்கள் ஆட்களை இறக்கிவிட்டு வேலிக்கு மேலால் பார்த்தேன். மச்சாள் அறைக்குள் போகவில்லை. தட்டத்தையும் நாரையும் எடுத்துக்கொண்டு நேரே பங்கருக்குள் இறங்கினாள். தனியாக.  சரி, கடைசியில் அவளும் மனம் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அப்போது கீழே இருந்து அவள் குரல் கேட்டது. பொம்பர் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாதது போன்ற குரல்.

“இஞ்சாருங்கோ! நார் பிடிக்க ஆளில்லை. பூசைக்கு நேரமாகுது.”

அறைக்குள்ளிருந்து: “இஞ்சை கொண்டு வா.”

“எல்லாம் கீழை கொண்டு வந்திட்டன். திரும்பத் திரும்ப ஏறி இறங்க எனக்கென்ன பதினாறு வயசோ? மொட்டு விரியப்போகுது.”

“காலிலை மாட்டிக் கட்டன்.”

“கால் மண். பிள்ளையாற்றை மாலையைக் கால்மண்ணிலை தேய்க்கச் சொல்லுறியளோ? ஏலுமெண்டால் வாங்கோ. ஏலாட்டி இண்டைக்கு அவர் வெறுங்கழுத்தோடை இருக்கட்டும். கேட்டால் உங்கடை பேரைச் சொல்லுறன்.”

 மேலே இரைச்சல் வட்டமடித்தது. அறைக்குள் ஏதோ தொப்பென்று விழுந்தது. நான் பொட்டால் பாய்ந்து போனேன். கனகண்ணை தானாகவே கட்டிலால் உருண்டு விழுந்து, இடது கையை ஊன்றி வாசல் பக்கம் அரக்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. நான் சாக்கைப் போட்டு அதில் அவரை வைத்துச் சரிவால் இழுத்தேன். வாசலுக்குள் தலை போகும்போது அவர் உடம்பு விறைத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். “இழு” என்றார்.

கீழே, வளைவுக்கு அங்கால், மச்சாள் ஒரு குப்பி விளக்கோடு இருந்தாள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை முதன்முதலாக அப்போதுதான் கண்டேன். அவள் அழவில்லை, அவரைப் புகழவில்லை, தலையைத் தடவவில்லை. நாரின் நுனியை அவர் இடது கையில் வைத்தாள்.

“இழுக்காமல் பிடியுங்கோ.”

 நார் நடுங்கியது. நடுங்குகிற நாரிலேயே அவள் மொட்டை வைத்துக் கட்டினாள். குண்டு விழுந்தது, விளக்கு அணைந்தது, நான் நெருப்புப் பெட்டியைத் தேட, இருட்டுக்குள் அவள் குரல், “விட்டிடாதேங்கோ, இன்னும் ஒரு முழம் கிடக்கு.” அவர் விடவில்லை.

பூசைக்கு அந்த மாலையோடு நானும் போனேன். மச்சாளுக்கு ஒரு மனக்குறை. மண்ணுக்குக் கீழே, மீன் தின்கிற நான் பக்கத்தில் இருக்க, கட்டிய மாலை. ஐயரிடம் மறைக்கக்கூடாது என்று நினைத்தாள்.

“ஐயா, இது பங்கருக்குள்ளை கட்டினது. போடலாமோ?”

ஐயர் தோளில் இருந்த மண்ணைத் தட்டினார். “அம்மா, நானும் அங்கையிருந்துதான் இப்ப ஏறி வாறன். தாங்கோ.”

அதற்குப் பிறகு இத்தனை வருடமும் கனகண்ணை பங்கருக்குள் இறங்கினார். ஒருநாளும் உயிர் தப்ப இறங்கவில்லை. நார் பிடிக்க இறங்கினார். பூ இல்லாத காலத்தில் துளசி கட்ட இறங்கினார். காலையில் பொம்பர் வந்தால் வெங்காயத் தாள் கிள்ள, பயறு புடைக்க, ஏதோ ஒன்றுக்கு. மச்சாள் எந்த நேரமும் ஒரு வேலையைக் கீழே ஆயத்தமாக வைத்திருந்தாள். மண்மேட்டில் படுத்த முல்லை, மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர் விட்டது. அந்த மாரி மழையில் எத்தனையோ பேரின் பங்கர்க் கரை கரைந்து இறங்கியது. அவளுடையதை வேர் பின்னிப் பிடித்துக்கொண்டது. மேலே இருந்து பார்த்தால் ஒரு பற்றை. உள்ளே இருந்து பார்த்தால் கூரை இடுக்கெல்லாம் வெள்ளை வேர். “பாத்தியளோ, வீட்டுக்குள்ளை இருக்கிற மாதிரித்தான் கிடக்கு” என்று கனகண்ணைக்குச் சொல்லுவாள். அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

சமாதானம் வந்ததும் ஊரில் சிலர் பங்கரை நிரவி வாழை வைத்தார்கள். மச்சாள் தன்னுடையதை நாளும் கூட்டினாள். “இனி என்னத்துக்கு?” என்று நான் கேட்டால், “சத்தமில்லாட்டி எனக்குக் காது அடைச்ச மாதிரிக் கிடக்கு மச்சான். நித்திரை வரேல்லை” என்பாள். தையில் வழக்கம்போலத் தண்ணீரை நிறுத்தி, வாட விட்டு, நறுக்கி, எரு வைத்தாள். மொட்டு வந்த கிழமை போய்விட்டாள். குண்டு விழாத மாதத்தில்.

செத்த வீட்டுத் துடக்கு. முப்பத்தொரு நாளும் அந்த வளவுப் பூ கோயிலுக்கு ஆகாது. பறிக்க ஆளில்லாமல் மொட்டெல்லாம் கொடியிலேயே விரிந்தது. காலையில் மண்மேடு வெள்ளையாகக் கிடந்தது. பின்னேரம் ஆனால் வாசம் வேலியால் வரும். எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியாது. வெளியே வந்தாலும் நிற்க முடியாது. என் மகள்தான் கனகண்ணைக்குச் சாப்பாடு கொடுத்தாள். அவர் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பிறகு சமாதானம் முறிந்தது. பொம்பர் வந்தது.

நான் அறைக்குள் ஓடினேன். வானத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

“அண்ணை, மொட்டு நல்லா வந்து கிடக்கு. கோயிலுக்கு மாலை கட்டோணும். நார் பிடிக்க வாங்கோ.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“துடக்கு வீட்டிலை என்னடா கோயில் மாலை? மடையா.”

 அவசரத்தில் துடக்கை மறந்துபோனேன். மச்சாளாக இருந்தால் அந்த இடத்தில் இன்னொரு வேலை சொல்லியிருப்பாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. இரைச்சல் கிட்ட வந்தது. வாசலில் நின்ற மகள் “அப்பா, அப்பா” என்று கையைப் பிசைந்தாள். நான் போகவில்லை. கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். வேறு என்ன செய்ய?

என் நடையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த மச்சாளின் படத்தைப் பார்த்தார். செத்த வீட்டன்று போட்ட கதம்ப மாலை அதில் காய்ந்து கறுத்துத் தொங்கியது.

“அவளுக்குப் போடலாம்தானே?” என்று கேட்டார்.

“போடலாம் அண்ணை.”

“பிறகேன் நிக்கிறாய்? மொட்டு விரியப்போகுது.”

மகள் மேட்டில் குனிந்து கைக்கு வந்ததைப் பறித்து மடியில் போட்டாள். நான் அவரைச் சாக்கில் இறக்கினேன். தாய்வேர் வளைவு தாண்டி விளக்கைக் கொளுத்தினேன். அவர் நுனியைப் பிடித்தார். கட்டத் தொடங்கியபோதுதான் எனக்குக் கட்டத் தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது.

“எருமை! வெங்காயப் பிடி கட்டுற மாதிரி இறுக்காதை. காம்பு அறும்.”

“உங்களுக்குத் தெரியுமெண்டால் சொல்லுங்கோவன்.”

“நான் நார் பிடிச்சவன். கட்டினது அவள்” என்றார். சொல்லிவிட்டு, லொறி எரிந்தபோதும், கை விழுந்தபோதும், அவள் கிடந்தபோதும் அழாத மனிதர், நாரை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார். மேலே குண்டு விழுந்ததை நான் சரியாகக் கேட்கவில்லை.

நான் கட்டிய மாலை பார்க்கிற மாதிரி இல்லை. படத்தில் அதுதான் தொங்குகிறது. முப்பத்தோராம் நாள் வருகிறவர்கள் பார்ப்பீர்கள், சிரியுங்கள். மேட்டில் வேர் விட்ட கணுக்களை வெட்டிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் மகள் கொடுப்பாள்; சாக்குக் கொண்டு வாருங்கள்.

நாகம்மா மச்சாளிடமிருந்து நான் வைத்திருப்பது, கனகண்ணைக்கு ஒவ்வொரு தரமும் ஒரு வேலை தேடுகிற வேலை. அடுத்த கிழமை துடக்குக் கழிந்தால் கோயில் மாலை இருக்கிறது. அது மழைக்காலம் வரைக்கும் போகும். ஐப்பசியில் முல்லை ஓய்ந்துவிடும். அதற்குள் வேறொன்று கண்டுபிடிக்க வேண்டும்.